மூன்றில் இரண்டு கையில் இருக்கிறது. உரிமைக்கு உறுதி எங்கே?

2020 டிசம்பர் 1ஆந் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் ஒரு தொகுதி அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளிவிட்டது. கொரோனாவில் இறந்தவர்களின் உடலை எரித்தே ஆகவேண்டும் என்ற அரச ஒழுங்குவிதியை எதிர்த்து முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த மனுக்கள் அவை. ஏன் தள்ளப்பட்டன என்று காரணம் சொல்லப்படவில்லை. அடுத்த சில நாட்களில், பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் கொழும்பில் எரிக்கப்பட்டது. பெற்றோர் சம்மதிக்கவில்லை. சம்மதம் தேவைப்படவும் இல்லை.

உலக சுகாதார அமைப்பு அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. உலகமெங்கும் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. நிலத்தடி நீர் கெடும் என்று இங்கே சொன்ன காரணத்துக்கு ஆதாரம் எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வந்து வெள்ளைக் கபன் துணிகளைக் கட்டினார்கள். 276 முஸ்லிம்களின் உடல்கள் இப்படி எரிக்கப்பட்டதாகப் பின்னர் செய்திகள் கூறின. 2021 பெப்ரவரி கடைசியில் வர்த்தமானி மாறியது. முதலில் கிளிநொச்சிக் கடலில் உள்ள இரணைதீவு அடக்க இடமாக அறிவிக்கப்பட்டு, அங்குள்ள மக்களின் எதிர்ப்புக்குப் பிறகு மட்டக்களப்பின் ஓட்டமாவடிக்கு மாறியது. வேறு மாவட்டத்தில் இறந்தவரின் மையித்தையும் நெடுந்தூரம் ஏற்றிப்போய் அங்கேதான் அடக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் நாட்டில் அரசு மன்னிப்புக் கேட்பதே அரிது. ஆனால் இனி ஒருமுறை இப்படி நடக்காமல் இருக்க அரசியலமைப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. நாளைக்கு வேறொரு நோய் வந்தால், வேறொரு அமைச்சு வேறொரு ஒழுங்குவிதி போட்டால், தடுக்கும் வேலி அன்றிருந்த அதே வேலிதான்.

அந்த வேலி எப்படிப்பட்டது? 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. 14(1)(உ) உறுப்புரை, தனியாகவோ கூட்டாகவோ, வெளியிலோ வீட்டிலோ, மதத்தை வழிபாட்டாலும் அனுட்டானத்தாலும் போதனையாலும் வெளிக்காட்ட உரிமை தருகிறது. படித்தால் குறை சொல்ல முடியாது. அடுத்து வரும் 15ஆம் உறுப்புரைதான் கைவைக்கிறது. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் என்று காரணம் காட்டிச் சட்டத்தின் மூலம் 14ஆம் உறுப்புரை உரிமைகளைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. கட்டுப்பாடு உண்மையிலேயே தேவைதானா, அதைவிடக் கடுமை குறைந்த வழி ஏதும் இல்லையா, நோக்கத்துக்கும் தீங்குக்கும் இடையில் அளவு பொருந்துகிறதா என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த எழுத்தில் இல்லை. தென்னாபிரிக்க அரசியலமைப்பின் 36ஆம் பிரிவில் அது வெளிப்படையாக இருக்கிறது. இங்கும் இருந்திருந்தால், சுகாதார அமைச்சு நிலத்தடி நீர் ஆய்வை நீதிமன்ற மேசையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒழுங்குவிதி விழுந்திருக்க வேண்டும்.

புதிய அரசியலமைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த வரிகளை யாரும் கேட்பதில்லை. எல்லாச் சண்டையும் 9ஆம் உறுப்புரையிலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. பௌத்தத்துக்கு முதன்மைத்தானம், பௌத்த சாசனத்தைப் பாதுகாத்து வளர்ப்பது அரசின் கடமை என்று சொல்லும் உறுப்புரை அது. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பில் அப்படி ஒன்று இல்லை. எந்த மதத்தின் வழிபாட்டையும் தடுக்கவோ, ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை தரவோ நாடாளுமன்றம் சட்டம் இயற்றக்கூடாது என்ற 29(2) பிரிவுதான் இருந்தது. 1972இல் அந்தப் பிரிவு போய் முதன்மைத்தானம் வந்தது. 1978இல் அது 9ஆம் உறுப்புரையாகத் தொடர்ந்தது. புதிய அரசியலமைப்பை வரைய அமைந்த வழிநடத்தற் குழு 2017 செப்டெம்பரில் வெளியிட்ட இடைக்கால அறிக்கை முதன்மைத்தானத்தைத் தொடவே இல்லை. ஏனைய மதங்களையும் நம்பிக்கைகளையும் கண்ணியத்தோடும் பாகுபாடின்றியும் நடத்துவோம் என்று ஒரு வாசகத்தை அதன் பக்கத்தில் சேர்க்கலாம் என்று மட்டுமே ஒரு தெரிவை வைத்தது. அதற்கே நாடு கொந்தளித்தது. புதிய அரசியலமைப்பே வேண்டாம் என்று மகாநாயக்கர்கள் சொன்னார்கள். 2019 தொடக்கத்தில் நிபுணர் குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதோடு அந்த முயற்சி நின்றுபோனது.

9ஆம் உறுப்புரை மாற வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஒரு குடியரசு தன் குடிமக்களின் மதங்களுக்கு வரிசை எண் கொடுக்கக்கூடாது. ஆனால் அதை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் தேவை. 83ஆம் உறுப்புரை அப்படிப் பூட்டி வைத்திருக்கும் உறுப்புரைகள் சிலதான்: 1, 2, 3, 6, 7, 8, 9, 10, 11 ஆகியவையும் இன்னும் ஓரிரண்டும். அந்தப் பட்டியலில் 14 இல்லை, 15 இல்லை, 16 இல்லை, 80 இல்லை, 126 இல்லை. சாதாரண மக்களின் கழுத்தை நெரிக்கும் முடிச்சுகள் பெரும்பாலும் இந்த இலக்கங்களில்தான் கிடக்கின்றன. எழுத்தின்படி இவற்றை அவிழ்க்க 225 பேர் கொண்ட சபையில் 150 வாக்கு போதும். 2024 நவம்பர் தேர்தலில் மக்கள் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது 159 ஆசனங்கள். புதிய அரசியலமைப்பைத் தருவோம் என்று வாக்குறுதி கொடுத்து வாங்கிய ஆசனங்கள் அவை.

முதல் முடிச்சு 16ஆம் உறுப்புரை. 1978க்கு முன் இருந்த எந்தச் சட்டமும், அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும், செல்லுபடியாகும் என்கிறது அது. 1897ஆம் ஆண்டுத் தடுப்புக்காப்புக் கட்டளைச் சட்டம், குடியேற்றக் காலத் தண்டனைக் கோவை, 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் எல்லாம் இந்தக் குடையின் கீழ் பத்திரமாக இருக்கின்றன. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் அப்படித்தான். இங்கே சமூகத்துக்குள் இருக்கும் ஒரு வேதனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தில் மணமகளின் கையொப்பம் கட்டாயமில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள சிறுமிக்குக்கூடக் காதியாரின் அனுமதியோடு திருமணம் நடத்த இடமிருக்கிறது. புத்தளத்திலும் காத்தான்குடியிலும் கொழும்பிலும் முஸ்லிம் பெண்கள் பல ஆண்டுகளாகச் சீர்திருத்தம் கேட்கிறார்கள். 16ஐ எடுத்தால் எங்கள் தனியார் சட்டமே போய்விடும் என்று சமூகத் தலைவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். பெரும்பான்மைவாதம் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் மதச் சுதந்திரம் முதலில் ஆளுக்கு உரியது. அந்தச் சிறுமியும் ஓர் ஆள். தனியார் சட்டம் இருக்கட்டும், அடிப்படை உரிமைக்குக் கட்டுப்பட்டு இருக்கட்டும் என்று எழுதுவதில் எந்த மார்க்கமும் அழிந்துவிடாது. கண்டியச் சட்டத்துக்கும் தேசவழமைக்கும் அதே அளவுகோல்தான்.

இரண்டாவது 80(3). ஒரு சட்டமூலத்தில் சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால், அதன் பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும் குறுகிய நாட்களுக்குள் யாராவது கண்டுபிடித்து உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும். தவறினால் தவறியதுதான். 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இதற்குச் சமீபத்திய சாட்சி. பல வாசகங்களைத் திருத்தினால்தான் சாதாரண பெரும்பான்மையில் நிறைவேற்றலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழுவே பகிரங்கமாகக் குறிப்பிட்டது. சபாநாயகர் கையொப்பமிட்டார். சட்டம் சட்டமாகிவிட்டது. இணையத்தில் எழுதும் வார்த்தை மத உணர்வைப் புண்படுத்தியதா என்று பார்க்கும் அதிகாரமும் அதற்குள் இருக்கிறது.

மூன்றாவது 126. அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே போகலாம். அது இருப்பது கொழும்பில். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும். வாகரையில் சபைக்கூடம் மூடப்பட்ட போதகருக்கும், முல்லைத்தீவில் பொங்கல் வைக்கத் தடுக்கப்பட்ட கிழவிக்கும் இந்த ஒரு மாதத்தில் என்னென்ன வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சட்டத்தரணியைத் தேட வேண்டும், ஆவணங்களை மொழிபெயர்க்க வேண்டும், பஸ்ஸுக்கும் தங்குவதற்கும் காசு புரட்ட வேண்டும். இன்றிருக்கும் ஒரே மூச்சுவிடும் வழி மனித உரிமைகள் ஆணைக்குழு. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. பாதிக்கப்பட்ட பலருக்கு இது தெரியாமலே மாதம் கடந்துவிடுகிறது. மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்து, அவகாசத்தையும் கூட்டினால், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பதுளையிலும் உரிமை உள்ளூரிலேயே கிடைக்கும்.

பேச்சுரிமைக்கு வருவோம். சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதையை முகநூலில் வெளியிட்டதற்காக 2019 ஏப்ரலில் கைதானார். பௌத்தத்தை இழிவுபடுத்தியதாகப் பிக்குகள் முறையிட்டார்கள். நான்கு மாதம் சிறையில் இருந்தார். 2021இல் வழக்குத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் விடுவித்தார். மன்னாரைச் சேர்ந்த இளம் தமிழ்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார். 2017இல் வெளியிட்ட ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பில் தீவிரவாதம் இருப்பதாகக் குற்றச்சாட்டு. பத்தொன்பது மாதம் அடைத்து வைத்துப் பிணை கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தது. ஒரு கவிஞனின் மூன்றரை ஆண்டு போயிற்று. 2019 மே மாதத்தில் சட்டையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்டிருந்த ஒரு முஸ்லிம் பெண்ணை, அது தர்மச்சக்கரம் என்று சொல்லி ஹசலக்கவில் கைதுசெய்து வாரக்கணக்கில் விளக்கமறியலில் வைத்தார்கள். வெறுப்புப் பேச்சை எழுத்தாலேயே எதிர்கொள்வோம் என்று முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற அரச அலுவலர் ஒருவர் 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அந்தக் கைது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது.

இந்தக் கைதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கைகொடுத்தது 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சிறுபான்மையினருக்கு எதிரான வெறுப்புத் தூண்டலைத் தடுக்கவென்று சர்வதேச உடன்படிக்கையிலிருந்து எடுத்து எழுதப்பட்ட பிரிவு அது. பத்து ஆண்டு வரை சிறை. நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான், அதுவும் விசேட சூழ்நிலையில்தான். 2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோதும், 2018 மார்ச்சில் திகனவில் ஒரு வாரம் வன்முறை நடந்தபோதும், தூண்டிவிட்டவர்கள் மீது இந்தப் பிரிவு பாய்ந்த வேகத்தையும் கதையும் கவிதையும் எழுதியவர்கள் மீது பாய்ந்த வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது.

பிரிவை எடுத்துவிடச் சொல்லவில்லை. வெறுப்புத் தூண்டலால் ஊரே எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு அப்படி ஒரு சட்டம் வேண்டும். பொலிஸ் நிலையத்தில் ஒருவர் மனம் புண்பட்டதாக முறையிட்டவுடன் கைது என்பது நிற்க வேண்டும். சட்டமா அதிபரின் முன் அனுமதி இல்லாமல் கைது கூடாது. பிணை கொடுக்கும் அதிகாரம் நீதவானுக்கு வர வேண்டும். சொன்னவர் யார், எந்தச் சூழலில் சொன்னார், நோக்கம் என்ன, சொன்னது என்ன, எவ்வளவு தூரம் பரவியது, அதனால் வன்முறை நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஆறு கேள்விகளை 2012இல் ஐ.நா.வின் ரபாத் செயல்திட்டம் வகுத்துக் கொடுத்தது. அந்த ஆறையும் சட்டத்திலேயே எழுதலாம். சத்குமாரவின் சிறுகதை இதில் ஒன்றைக்கூடத் தாண்டியிருக்காது.

கோயில்களின் கதை வடக்கில் எல்லோருக்கும் தெரிந்தது. குருந்தூர்மலையில் ஆதி ஐயனார் இருந்த இடத்தில் விகாரை எழும்பியது. கட்டுமானத்தை நிறுத்தச் சொன்ன நீதிமன்றக் கட்டளையை மீறியும் எழும்பியது. அந்த வழக்கைக் கேட்ட முல்லைத்தீவு நீதிபதி 2023 செப்டெம்பரில் உயிருக்கு அச்சுறுத்தல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிலருகே 2019இல் பிக்கு ஒருவரின் உடல் நீதிமன்றக் கட்டளையை மீறித் தகனம் செய்யப்பட்டது. வெடுக்குநாறிமலையில் 2024 சிவராத்திரி இரவில் பூசைக்குப் போனவர்களில் எட்டுப் பேர் கைதாகிப் பத்து நாளுக்கு மேல் உள்ளே இருந்து வந்தார்கள். தொல்பொருள் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே விழுகிறதோ அங்கே வழிபாட்டு உரிமை முடிந்துவிடுகிறது. கிழக்குக்கென்று 2020இல் தொல்பொருள் செயலணி ஒன்று அமைந்தபோது முதலில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை.

தெற்கிலும் கிழக்கிலும் சிறிய கிறிஸ்தவ சபைகளுக்கு வேறு தலையிடி. 2008இல் மத விவகார அமைச்சு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும். சுற்றறிக்கை சட்டமல்ல. ஆனாலும் பொலிஸாரும் பிரதேச செயலகமும் அதைக் காட்டி வீட்டில் கூடும் ஜெபக் கூட்டத்தையும் நிறுத்தச் சொல்கிறார்கள். 2003இல் உயர் நீதிமன்றம், மென்சிங்கன் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தைப் பார்த்து, மதத்தைப் பரப்புவது அரசியலமைப்பு தந்த உரிமையில் அடங்காது என்றது. இது மதச் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் மீறுகிறது என்று 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கண்டது. அந்தக் கண்டறிவால் இங்கே எதுவும் மாறவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க 10ஐத் தொட வேண்டியதில்லை. 14(1)(உ)இல் ‘பரப்பல்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். ஆசை காட்டியோ மிரட்டியோ மதம் மாற்றுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் எழுதலாம்.

நம் பக்கத்தையும் பார்க்காமல் இதை முடிக்க முடியாது. திருகோணமலையில் ஒரு பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதை எதிர்த்து 2018இல் தெருவில் நின்றவர்கள் தமிழர்கள். 2019 சிவராத்திரிக்கு முந்திய நாள் திருக்கேதீஸ்வரத்தின் அலங்கார வளைவைப் பிடுங்கி எறிந்தவர்களும் தமிழர்கள், கத்தோலிக்கத் தமிழர்கள். குருந்தூர்மலையில் நமக்கு வலித்தது மன்னாரிலும் திருகோணமலையிலும் அடுத்தவருக்கு வலிக்கும் என்று சொல்லும் துணிவு நம் அரசியல்வாதிகளுக்கு வர வேண்டும். உரிமை வாசகம் மத்திய அரசை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது. மாகாண சபையையும் பிரதேச சபையையும் பாடசாலை அதிபரையும் அது ஒருமிக்கக் கட்டுப்படுத்த வேண்டும்.

அரசாங்கம் வரைவைத் தயாரிக்கிறதா, எப்போது வெளியிடும் என்று காத்திருந்து பயனில்லை. 2016இல் மக்கள் கருத்தறியும் குழு மாவட்டம் மாவட்டமாக வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியும் பேசியும் கொடுத்தார்கள். அந்த அறிக்கை இன்றும் நம் கையில் இருக்கிறது. புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழ் உறுப்பினர்களும் முஸ்லிம் உறுப்பினர்களும் தனித்தனி மேடையில் 9ஆம் உறுப்புரையைப் பற்றி முழங்குவதை ஒரு மாதம் நிறுத்திவைத்து, 14, 15, 16, 80, 126 ஆகிய ஐந்துக்கும் ஒரே திருத்தச் சட்டமூலத்தைச் சேர்ந்து எழுதி, தனி உறுப்பினர் பிரேரணையாகவாவது சபையில் வைக்கட்டும். ஆளுங்கட்சி எதிர்த்து வாக்களித்தால் அந்த வாக்குப் பதிவேடு மக்களுக்குத் தெரியட்டும்.

பள்ளிவாசல் நிர்வாக சபைகள், கோயில் பரிபாலன சபைகள், பங்குச் சபைகள், எழுத்தாளர் சங்கங்கள் இந்த ஐந்து இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதித் தங்கள் மாவட்ட உறுப்பினருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். வழிபாட்டிடம் மூடப்பட்டவர்களும் எழுத்துக்காக விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்களும் மீறல் நடந்து ஒரு மாதம் முடியும் முன் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போய் முறைப்பாட்டு இலக்கத்தைக் கையில் வாங்குங்கள். வரைவு வெளிவரும் நாளில் 16ஆம் உறுப்புரை இருந்த இடத்தை முதலில் பாருங்கள். அதே வாசகம் வேறு இலக்கத்தில் திரும்பி வந்திருந்தால், அந்த வரைவுக்கு உங்கள் உறுப்பினர் கை உயர்த்தக்கூடாது என்று அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.